எழுதும் கை சோராதிருக்க

எழுத வேண்டும் என்ற ஆசை பலருக்கும் வருவதுண்டு. ஒரு கட்டுரையோ இரண்டு கதைகளோ எழுதி, அச்சில் தம் பெயரைக் கண்டு மகிழ்ந்தவர்கள் டில்லித் தமிழ்க் குடும்பங்களிடையே தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். ஆனால் மாதந்தோறும், ஆண்டுகள் பலவாக, விடாமல் எழுதுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தொடங்கியவர் பலர், தொடர்ந்தவர் சிலர். இடையில் நிறுத்திவிட்டவர்கள் எல்லாரும் சோம்பல் கொண்டவர்கள் என்று சொல்வது நியாயமாகாது. எழுதச் சரக்கில்லாதவர்கள் என்பதும் பொருந்தாது. அவர்களுள் பெரும்பாலோர் களைத்துப்போனவர்கள். அந்தக் களைப்பு எங்கிருந்து வருகிறது, அது வராமல் காத்துக்கொள்வது எப்படி என்பதே இங்கு நாம் எண்ணிப் பார்க்க எடுத்துக்கொண்ட பொருள்.

இது எழுதுகிறவர்களின் சொந்தக் கவலைதானே, குடும்பங்கள் படிக்கும் மலரில் இதற்கென்ன இடம் என்று அன்பர்கள் கேட்கலாம். தமிழ்நாட்டில் ஒருவர் பேனாவை மூடி வைத்தால், அந்த இடத்தை நிரப்பப் பத்துப் பேர் முன்வருவார்கள். இங்கே அப்படியன்று. சங்கத்தின் செய்திமடலில் மாதம் நான்கு பக்கம் எழுதிவந்தவர் நின்றுவிட்டால், அடுத்த மாதத்திலிருந்து அந்த நான்கு பக்கங்களில் வாழ்த்துச் செய்திகளும் விளம்பரங்களும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பிறகு அவை எழுந்திருப்பதே இல்லை. ஆர்.கே.புரத்து அரசுக் குடியிருப்புகளில் நாம் வாழ்ந்த வாழ்க்கை, கிருத்திகைதோறும் மலை மந்திர் படியேறிய கூட்டம், நாற்பது வயதுக்கு மேல் இந்தி கற்றுக்கொண்டு காய்கறி வண்டிக்காரனிடம் பேரம் பேசிய பாட்டிமார்கள் ஆகிய இவற்றையெல்லாம் இந்நகரத்து இந்திப் பத்திரிகையோ ஆங்கிலப் பத்திரிகையோ எழுதப் போவதில்லை. சென்னைப் பத்திரிகைகளுக்கும் இது தொலைவான செய்தி. நாமே எழுதினால்தான் உண்டு. வீட்டில் தமிழ் பேசினாலும் எழுத்துக் கூட்டியே படிக்கிற நம் பிள்ளைகள், தாம் வளர்ந்த தெருவைத் தமிழ் எழுத்தில் பார்ப்பதற்கு வேறு இடமில்லை. ஆகவே இங்கே ஒருவர் களைத்துப்போனால், அந்த இழப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு உண்டு.

நமக்குத் தெரிந்த அன்பர் ஒருவர், வயதில் மூத்தவர், ஏழாண்டுக் காலம் ஒரு மாதமும் தவறாமல் எழுதினார். அவருடைய பக்கத்தை முதலில் படித்துவிட்டுத்தான் மற்றப் பக்கங்களைப் புரட்டுவது என்ற வழக்கம் பல வீடுகளில் இருந்தது. ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு, முன்பு சொன்ன செய்திகளே வேறு உடையில் வரத் தொடங்கின. ஆறாம் ஆண்டில் நகைச்சுவை குறைந்து குற்றங்கூறல் மிகுந்தது. ஏழாம் ஆண்டின் முடிவில் எழுத்து நின்றது. காரணம் கேட்டோம். “எழுத வருகிறது சார். எழுத உட்காரத்தான் பிடிக்கவில்லை,” என்றார். இப்போது அவர் ஊருக்குக் கடிதம்கூட எழுதுவதில்லை, தொலைபேசியில் பேசிவிடுகிறார். திறமை குறையாமல் இருக்கும்போதே விருப்பம் செத்துப்போவது எப்படி என்ற கேள்வி அன்றிலிருந்து நம்மை விட்டு அகலவில்லை.

உழைப்பு மிகுதியால் இந்தக் களைப்பு வருகிறது என்று கொள்ள நம் மனம் ஒப்பவில்லை. குமாஸ்தாக்களாகிய நாம் நாள் முழுதும் எழுதுகிறவர்கள். குறிப்பு, வரைவு, நினைவூட்டு, அதற்குப் பதில், பதிலுக்கு விளக்கம் என்று ஓர் ஆண்டில் நாம் எழுதிக் குவிப்பதைக் கட்டினால் பெரிய புராணம் போல் தடிக்கும். கோப்புகள் கணினித் திரைக்கு மாறிய பின்பும் எழுத்து குறையவில்லை. மை மட்டும் மிச்சம். ஆயினும் குறிப்பு எழுதி எழுதி உள்ளம் வறண்டு, இனிக் குறிப்பே எழுதமாட்டேன் என்று பேனாவை வீசி எறிந்தவர் யாரையும் நாம் கண்டதில்லை. முப்பது ஆண்டு எழுதிவிட்டு, ஓய்வு பெறும் நாளில் மாலை போட்டுக்கொண்டு சிரித்த முகத்துடன் வீட்டுக்குப் போகிறார்கள்.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அலுவலகத்தில் எழுத வேண்டிய பொருள் வெளியிலிருந்து வருகிறது. காலையில் மேசைக்கு வந்து சேரும் கடிதமே அன்றைய எழுத்தைத் தீர்மானிக்கிறது. ‘எதை எழுதுவது?’ என்று யாரும் மோட்டுவளையைப் பார்ப்பதில்லை. அடுத்தது, ஐந்தரை மணி ஆனால் அந்த எழுத்து முடிந்துவிடுகிறது, மீதி நாளைக்கு. சொந்த எழுத்திலோ இந்த இரண்டும் இல்லை. பொருள் நம் உள்ளத்திலிருந்தே வரவேண்டும் என்று நினைக்கிறோம். கடை மூடும் நேரமும் கிடையாது. சாப்பிடும்போதும், மெட்ரோவில் நிற்கும்போதும், தூங்கப் போகும்போதும் எழுதாத கட்டுரை கூடவே வருகிறது. அயர்ச்சியின் வேர் இங்கேதான் இருக்கிறது. அப்படியானால், சொந்த எழுத்துக்கும் வெளியிலிருந்து ஒரு வரத்தையும், மூடும் நேரம் ஒன்றையும் நாமே ஏற்படுத்திக்கொண்டால் என்ன?

மூடும் நேரத்தைப் பற்றி யோசிக்கும்போது ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிராலப் நினைவுக்கு வருகிறார். அவரும் நம்மைப் போல் ஓர் அரசாங்க குமாஸ்தா. 1834ஆம் ஆண்டில் லண்டன் தபால் இலாகாவில் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்து, 1867 வரை அந்த இலாகாவிலேயே உழைத்தவர். நாவல்கள் மட்டும் நாற்பத்தேழு எழுதினார். எப்படி முடிந்தது என்பதை அவரே தம் சுயசரிதத்தில் சொல்லியிருக்கிறார். காலை ஐந்தரை மணிக்கு எழுதும் மேசையில் இருப்பார். அந்த நேரத்தில் எழுப்பிக் காப்பி கொடுப்பதற்கென்றே தம் வேலைக்காரக் கிழவருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுன் அதிகம் கொடுத்தார். முதல் அரைமணி நேரம், முன்னாள் எழுதியதைப் படிப்பார். பிறகு கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால்மணிக்கு இருநூற்றைம்பது சொல் என்ற கணக்கில் எழுதுவார். மூன்று மணி நேரம் ஆனதும் அன்றைய எழுத்து முடிந்தது. அதன்பின் தபால் இலாகா வேலை. 1882இல் அவர் மறைந்து, மறு ஆண்டு சுயசரிதம் வெளிவந்தபோது, இலக்கியத்தைச் செருப்புத் தைப்பது போல் கணக்குப் பார்த்துச் செய்திருக்கிறாரே என்று பலர் முகம் சுளித்தார்கள்.

டில்லி ஜனவரியில் ரஜாயை விலக்கிக்கொண்டு ஐந்து மணிக்கு எழுவது, லண்டனில் எழுந்த டிராலப்புக்கும் சவாலாகவே இருந்திருக்கும். ஆகவே அவருடைய மணிக்கணக்கை அப்படியே பின்பற்றச் சொல்ல நமக்குத் துணிவில்லை. அவருடைய முறையில் நாம் கண்டுகொள்ள வேண்டிய நுட்பம் வேறு. ‘இவ்வளவு எழுத வேண்டும்’ என்ற கட்டளையை எல்லாரும் கவனிக்கிறார்கள்; ‘இதற்கு மேல் இன்று இல்லை’ என்ற கட்டளையும் அதற்குள் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். மூன்று மணி நேரம் முடிந்தபின் அவர் மனத்தில் எழுத்தின் கடன் இல்லை. வேட்டைக்குப் போனார், சீட்டாடினார், நண்பர்களோடு உண்டார். மறுநாள் விடியலில் கை தினவெடுத்து மேசைக்கு வந்திருக்கிறது. நாமும் நாளுக்கு அரைமணி என்று வைத்துக்கொண்டால் போதும். அந்த அரைமணி முடிந்ததும், நல்ல வாக்கியம் ஒன்று பாதியில் நின்றாலும் எழுந்துவிட வேண்டும். பாதி வாக்கியம் மறுநாள் நம்மை அழைக்கும். முழுப் பக்கம் அழைக்காது.

இனி, வரத்தைப் பற்றிப் பார்ப்போம். கோடைக்காலத்தில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்த அனுபவம் நம் ஊர்ப்புறத்துப் பெண்களுக்கு உண்டு. ஒரு குடம் இறைத்தவுடன் அவசரப்பட்டு அடுத்த குடத்தை வைத்தால் சேறுதான் வரும். சற்றே பொறுத்திருந்தால் பக்கத்து மணலிலிருந்து நீர் கசிந்து, தெளிந்து, குழி மறுபடியும் நிறையும். நாள்தோறும் இறைக்கும் ஊற்று வற்றுவதில்லை என்பது உண்மையே. கசியவும் நேரம் கொடுத்தால்தான் அது உண்மையாகும். முதல் ஆண்டிலேயே தம் பிள்ளைப் பருவம், கல்லூரிக் காலம், கல்யாணம், டில்லிக்கு வந்த கதை எல்லாவற்றையும் இறைத்துக் கொட்டிவிட்டு, மூன்றாம் ஆண்டில் சேற்றைக் கலக்குகிறவர்கள் உண்டு.

தேக்கி வைத்து எழுதுவதற்கு மகாமகோபாத்தியாய உ.வே.சாமிநாதையரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்காது. 1855இல் பிறந்த ஐயரவர்கள், ‘என் சரித்திரம்’ என்ற தொடரை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940ஆம் ஆண்டு ஜனவரியில். எண்பத்தைந்தை நெருங்கிய வயது. கண்ணும் கையும் ஓய்வு கேட்கும் அந்த முதுமையில், வாரம் ஓர் அத்தியாயமாக நூற்றிருபத்திரண்டு அத்தியாயங்கள் வெளிவந்தன. 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோதுதான் தொடரும் முற்றுப்பெறாமல் நின்றது. இருபத்தைந்து வயது இளைஞனும் திணறும் இந்த வேலை அவருக்கு எப்படிக் கைகூடியது?

நமக்குத் தோன்றும் காரணங்கள் இரண்டு. ஒன்று, அவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்தவர். தமக்கு வந்த கடிதங்களைப் போற்றிக் காத்தார். ஏடு தேடிப் போன ஊர்களையும் அங்கே கண்ட மனிதர்களையும் நினைவில் வரிசைப்படுத்தி வைத்திருந்தார். அந்த ஊற்றில் எண்பது ஆண்டு நீர் கசிந்து கிடந்தது. மற்றொன்று, அவர் தனியாக உழைக்கவில்லை. மாணாக்கர் கி.வா.ஜகந்நாதன் அருகிருந்து துணை செய்தார். எழுத்து என்பது தன்னந்தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு செய்யும் தவம் என்ற எண்ணமே பாதிக் களைப்புக்குக் காரணம். பக்கத்தில் ஒருவர் அமர்ந்து, ‘அப்புறம் என்ன நடந்தது?’ என்று கேட்டால் போதும், சோர்ந்த உள்ளம் எழுந்து உட்காரும்.

எல்லாருக்கும் எண்பது ஆண்டுச் சேமிப்பு இராது. நம்மைப் போன்றவர்கள் அன்றாடம் கண்ணில் படுவதைக் கொண்டுதான் காலம் தள்ள வேண்டும். அதற்கு ஒரு முன்மாதிரி இந்நகரத்திலேயே உண்டு. 1965இல் கஸ்தூரிரங்கன் டில்லியில் ‘கணையாழி’யைத் தொடங்கியபோது, இங்கே விமானப் போக்குவரத்துத் துறையில் பணியாற்றிக்கொண்டிருந்த ரங்கராஜன், அதாவது சுஜாதா, அதன் கடைசிப் பக்கத்தை எழுதலானார். 1970இல் பெங்களூருக்குப் போய் மின்னணுத் தொழிற்சாலையில் பொறியாளரான பின்பும் அந்தப் பக்கம் தொடர்ந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அந்தப் பத்தியில் ஒரு மாதம் படித்த புத்தகம், ஒரு மாதம் ரயிலில் கண்ட மனிதர், ஒரு மாதம் ஒரு கவிதை, ஒரு மாதம் ஏதோ ஓர் அறிவியல் செய்தி என்று சிறியவை எல்லாம் இடம் பிடித்தன. பெரிய உண்மையை மாதந்தோறும் கண்டுபிடித்தாக வேண்டும் என்ற பாரத்தை அந்தப் பக்கம் சுமக்கவில்லை. அதனாலேயே அது நெடுந்தூரம் நடந்தது.

பத்தி எழுதுகிறவர் தமக்கென அகலமான கூடை ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ‘ஒழுக்கம்’ என்று தலைப்பிட்டுக்கொண்டால் பன்னிரண்டாம் மாதம் கூடை காலி. ‘இந்த மாதம் கண்டது’ என்று வைத்துக்கொண்டால் ஆயுள் முழுதும் நிறையும். நாம் சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்கிறோம். மத்திய செயலக மெட்ரோ நிலையத்தில் வண்டிக்கு நிற்கும்போது, காதில் விழுந்த ஒரு சொல், கண்ட ஒரு முகம், அன்று வீட்டில் பிள்ளை கேட்ட ஒரு கேள்வி என்று நாளுக்கு ஒரு வரி அதில் ஏறும். மாத முடிவில் முப்பது வரிகளில் இருபத்தைந்து பயன்படா; மீதி ஐந்தில் ஒன்று கட்டுரையாகும். பயணச் சலுகையில் ஊருக்குப் போகும்போது தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் முப்பது மணி நேரத்துக்கு மேல் பிறர் பேச்சைக் கேட்கும் பேறு கிடைக்கிறது. அதுவும் வரத்துதான். கேட்பதை விட்டுவிட்டுச் சொல்லிக்கொண்டே இருப்பவருக்குத்தான் சொல்ல ஒன்றுமில்லாமல் போகும்.

களைப்புக்கு இன்னும் ஒரு வாசல் உண்டு. அது புகழ். முதல் கட்டுரைக்கு நாலுபேர் பாராட்டுகிறார்கள். இரண்டாவதற்கு இரண்டு பேர். பத்தாவது கட்டுரை வந்ததே பலருக்குத் தெரிவதில்லை. பாராட்டைக் கூலியாக எண்ணி எழுதுகிறவர், கூலி குறையக் குறைய மனம் கசந்துபோகிறார். அல்லது, பாராட்டுக் கிடைத்த கட்டுரையையே திரும்பத் திரும்ப எழுதித் தமக்குத் தாமே அலுத்துப்போகிறார்.

இந்த நோய்க்கு மருந்து புதுச்சேரியில் இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736ஆம் ஆண்டு செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1761 ஜனவரியில் அவர் கண்மூடும் வரை, ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் அந்த எழுத்து நடந்தது. கவர்னர் துய்ப்ளேயிடம் தலைமைத் துபாஷியாக இருந்து, வாணிகமும் அரசியலும் மூச்சுமுட்டச் செய்துகொண்டிருந்தவர் அவர். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, கோட்டையில் கேட்ட வதந்தி, தெருவில் நடந்த சண்டை, கவர்னர் சொன்னது, தாம் சொன்ன பதில் எல்லாம் பேச்சுத் தமிழிலேயே பதிவாகின. கிடைத்துள்ள குறிப்புகளில் இடைவெளிகள் உண்டு. ஆனாலும் நூல் அறுந்துபோகவில்லை. அவர் மறைந்து எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1846இல்தான் அந்த ஏடுகள் கவனத்துக்கு வந்தன. பத்திரிகையில் வருமென்றோ, நாலுபேர் கைதட்டுவார்களென்றோ அவர் எழுதவில்லை. இன்று பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியைப் பற்றிப் பேசும் எவரும் அவரைத் தவிர்த்துப் பேச முடியாது.

ஊருக்குத் தெரிய எழுதுகிறவர் ஒவ்வொருவரும், யாருக்கும் காட்டாத ஓர் ஏடும் வைத்திருப்பது நல்லது. அதில் நடையழகு பார்க்க வேண்டாம், முடிவுரை வேண்டாம். பாராட்டும் பழியும் எட்டாத அந்த இடத்தில்தான் எழுதும் ஆசை தன் வேரைக் காப்பாற்றிக்கொள்கிறது. மேலே மரம் இலையுதிர்த்து நின்றாலும் பாதகமில்லை.

விடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய அரசு நமக்கு ஆண்டுக்கு முப்பது நாள் ஈட்டிய விடுப்பும் எட்டு நாள் தற்செயல் விடுப்பும் அளித்திருக்கிறது. இயந்திரம்போல் கோப்பு நகர்த்தும் வேலைக்கே இவ்வளவு ஓய்வு வேண்டும் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டிருக்கும்போது, உள்ளத்தைத் தோண்டி எடுக்கும் வேலைக்கு ஒரு நாளும் விடுப்பு இல்லை என்பது என்ன நீதி? ஆண்டுக்கு இரண்டு மாதம் எழுதுவதில்லை என்று முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லி, அந்த இடத்துக்கு வேறொருவரை எழுதச் செய்வது நம் வழக்கம். சொல்லி எடுக்கும் விடுப்புக்கும் சொல்லாமல் நிற்பதற்கும் வேறுபாடு பெரிது. முன்னதில் திரும்பி வரும் தேதி இருக்கிறது. அந்த இரண்டு மாதங்களில் புதிதாக எழுத வந்த ஒரு பெண்மணி, இன்று தனியே ஒரு பக்கம் எழுதுகிறார். ஓய்வு எடுத்ததில் சங்கத்துக்கு ஓர் எழுத்தாளர் லாபம்.

வீட்டாரின் பொறுமைக்கும் எல்லை உண்டு என்பதை எழுதுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் காகிதத்தைப் பிரித்ததும், “இன்றைக்குமா?” என்று மனைவி கேட்கும் ஒற்றைச் சொல்லில் ஒரு மாதக் கணக்கு அடங்கியிருக்கிறது. அரைமணி என்ற வரம்பு எழுதுகிறவரைக் காப்பதோடு குடும்பத்தையும் காக்கிறது. வீடு கசந்துவிட்டால் எழுத்தும் இனிக்காது. எழுதியதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுவது இன்னும் நல்லது. தமிழ் எழுத்தைத் தடவித் தடவிப் படிக்கும் நம் பிள்ளைகளுக்குக் காது வழியாகவாவது அது போய்ச் சேரும். “அந்த பஸ் கண்டக்டர் பெயரை ஏன் போடவில்லை?” என்று பெண் கேட்டாள் என்றால், அடுத்த மாதத்துக்கு விஷயம் கிடைத்துவிட்டது.

படிக்கும் அன்பர்களுக்கும் இதில் கடமை உண்டு. நல்லதாய்த் தோன்றிய கட்டுரையைப் பற்றி எழுதியவரிடம் ஒரு வரி சொல்லுங்கள். புகழ்ச்சி வேண்டாம், ‘நீங்கள் சொன்ன அந்தத் தெருவில் நாங்களும் இருந்தோம்’ என்றால் போதும். அது அவருக்குப் புது ஊற்று. களைத்து நின்றுவிட்ட மூத்தவர் உங்கள் பகுதியில் இருந்தால், ‘மறுபடியும் எழுதுங்கள்’ என்று வற்புறுத்தாதீர்கள். அவர் எதிரில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். அவர் சொல்வதைக் கல்லூரியில் படிக்கும் உங்கள் மகனோ மகளோ எழுதிக்கொள்ளட்டும். நாம் முன்பு குறிப்பிட்ட அந்த அன்பரிடம் சென்ற தீபாவளிக்குப் பிறகு இவ்வாறே இரண்டு இளைஞர்கள் போய்வருகிறார்கள். அவர் பேசுகிறார்; அவர்கள் எழுதுகிறார்கள். எழுத்துப் பிழைகளைத் திருத்துவதற்காக அவர் பேனாவைக் கையில் எடுப்பதாகக் கேள்வி. அதற்கு மேல் நாம் ஒன்றும் கேட்கவில்லை.

பிற மண்ணில் குடியேறிய மக்களுக்குத் தம் மொழியில் எழுதப்பட்ட வாழ்க்கைக் குறிப்பு என்பது வீட்டுப் பத்திரம் போன்றது. அதை எழுதி வைக்கும் கைகள் நம்மிடையே மிகச் சில. அந்தக் கைகள் அளவறிந்து உழைத்து, காலமறிந்து ஓய்ந்து, நெடுநாள் எழுத வேண்டும். எழுதுகிறவரும் படிக்கிறவரும் சேர்ந்து பார்த்துக்கொண்டால் அது ஆகாத காரியமன்று.